கட்டைவிரலில் கறுப்பு ரத்தம்

"இருபத்தெட்டு... இருபத்தொன்பது... முப்பது. காத்து!"

மிரான் கைகளைத் தூக்கினாள். இளைய உதவியாளர் தாஹே ஆக்ஸிஜன் பையின் முகமூடியை அந்தப் பெரிய முகத்தின் மேல் அழுத்தி, பையை இரண்டு முறை பிசைந்தாள். மார்பு எழும்பித் தணிந்தது. அடுத்த நொடி மிரானின் உள்ளங்கைகள் மறுபடி அதே இடத்தில் இறங்கின. ஒன்று, இரண்டு, மூன்று...

டாக்டர் தாக்கின் பல் கிளினிக்கில், வரவேற்பு மேஜைக்கும் குடிதண்ணீர் மெஷினுக்கும் நடுவே தரையில் மல்லாந்து கிடந்தார் யோம் தோசிக். அறுபதைத் தாண்டியவர். துறைமுகத்துக்கு அந்தப் பக்கம் சிப்பிக் கொட்டகை வைத்திருக்கிறவர். கொரியாவின் கடலோர ஊரான தோங்யோங்கில் பாதிப் பேர் அவரிடம் சிப்பி உடைத்திருக்கிறார்கள். மீதிப் பேர் அவரிடம் சிப்பி வாங்கியிருக்கிறார்கள். கொஞ்சம் முன்பு வரை சோபாவில்தான் இருந்தார். யாரோ சுவிட்சை அணைத்தது போல அப்படியே முன்னால் சரிந்துவிட்டார்.

"119-க்குச் சொல்லியாச்சா?" டாக்டர் தாக் ரப்பர் கையுறையோடு உள்ளேயிருந்து ஓடிவந்தார்.

"சொல்லியாச்சு டாக்டர்! ஆம்புலன்ஸ் கிளம்பிடுச்சாம்!" வரவேற்புப் பெண் லிஃப்ட் கதவில் காலைக் கொடுத்துப் பிடித்துக்கொண்டு கத்தினாள்.

"ஷாக் பெட்டி?"

"இதோ! வழி விடுங்க, வழி விடுங்க!"

ஒத்திகையில் எப்படியோ அப்படியே நடந்தது. வருஷத்துக்கு இரண்டு தடவை ஒத்திகை. நடத்துபவள், கிளினிக்கின் தலைமை உதவியாளரான இதே மிரான். யார் நெஞ்சை அழுத்துவது, யார் காற்று கொடுப்பது, யார் போன், யார் லிஃப்ட் என்று எல்லாருக்கும் அத்துப்படி. அவசர மருந்துப் பையில் ஒரு மாத்திரைகூட தேதி கடந்தது கிடையாது. மாதா மாதம் பார்த்து மாற்றுகிறவளும் அவள்தான்.

ஒத்திகைக்கும் இதற்கும் ஒரே ஒரு வித்தியாசம். ரப்பர் பொம்மையின் நெஞ்சு அழுத்தினால் 'டக்' என்று சத்தம் போடாது. தோசிக்கின் நெஞ்சு போட்டது. விலா எலும்பு. மிரானின் உள்ளங்கை வழியாக அந்தச் சத்தம் முழங்கை வரை ஏறியது. அவள் நிறுத்தவில்லை.

சட்டையைக் கத்தரித்தார்கள். பட்டைகளை ஒட்டினார்கள். பெட்டிக்குள்ளிருந்த பெண்குரல், வங்கியில் வரிசை எண் கூப்பிடுகிறவள் மாதிரி நிதானமாகச் சொன்னது: "நோயாளியை யாரும் தொட வேண்டாம்."

"தள்ளுங்க! தாஹே, கையை எடு!"

தோசிக்கின் உடம்பு ஒரு தடவை தூக்கிப் போட்டது.

"அழுத்துவதைத் தொடரவும்," என்றது பெட்டி.

மிரான் தொடர்ந்தாள். வியர்வை மூக்கு நுனியிலிருந்து அவர் மார்பின் மேல் சொட்டியது. 'எந்திரிங்க முதலாளி. எந்திரிச்சு என்னைக் கன்னத்துல அறைங்க. எந்திரிங்க.' எண்ணிக்கைக்கு அடியில் உதடுகள் இதைத்தான் முணுமுணுத்தன.

எத்தனாவது சுற்றோ தெரியாது. திடீரென்று ஒரு முனகல். ஒரு தடித்த கை மேலே எழுந்து, தன் நெஞ்சை நசுக்கும் கைகளைப் பலவீனமாகத் தள்ளியது.

"துடிப்பு வந்துடுச்சு!" டாக்டர் தாக் கழுத்திலிருந்து விரலை எடுக்காமல் கூவினார். "மிரான், போதும்! வந்துடுச்சு!"

சுவரோடு ஒட்டி நின்ற நோயாளிகள் கை தட்டினார்கள். ஒரு கிழவர், பாதிப் பல் செட்டோடு, சத்தம் போட்டு அழுதார்.

ஆம்புலன்ஸ் ஆட்கள் ஆரஞ்சு உடுப்பில் ஏறிவந்தார்கள். தலைவன் போலிருந்தவன் ஊசி போட இடம் தேடிக்கொண்டே கேட்டான்.

"வலி எப்ப ஆரம்பிச்சுது?"

"வரும்போதே தாடை வலின்னாரு," என்றாள் மிரான்.

"எப்ப வந்தாரு?"

மதிய இடைவேளை தொடங்கியபோது வந்தார். எல்லாரும் சாப்பிடப் போயிருந்தார்கள். மிரான் மட்டும் மேஜையில் உட்கார்ந்து சோற்றுருண்டையைப் பிரித்துக்கொண்டிருந்தாள். இடைவேளை முழுக்க அவர் இங்கேதான் இருந்தார்.

"இப்பதான்," என்றாள். "கொஞ்சம் முன்னாடி."

அவன் தோசிக்கின் இடது கையைத் திருப்பினான். கட்டைவிரலின் அடியில் இறுக்கிக் கட்டிய வெள்ளை நூல். நகத்துக்குக் கீழே, உறைந்துபோன ஒரு பொட்டு ரத்தம். கறுப்பாக.

"இது என்ன?"

"செரிக்கலைன்னா விரலைக் குத்திக் கெட்ட ரத்தம் எடுக்கற பழக்கம்தான். வீட்டுல குத்திக்கிட்டு வந்திருப்பாரு."

"இவங்க திருந்தவே மாட்டாங்க," என்று நூலை அறுத்துத் தரையில் போட்டான் அவன். ஸ்ட்ரெச்சர் லிஃப்டுக்குள் போனது.

தாஹே குனிந்து நூலை எடுத்தாள். மெழுகு தடவிய நூல். லேசான புதினா வாசனை. பல் இடுக்கைச் சுத்தம் செய்கிற நூல்.

மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு மிரானைப் பார்த்தாள். மிரான் தண்ணீர் மெஷினைப் பார்த்தாள்.

*

"ஆமா, நான்தான் குத்தினேன்."

டாக்டர் தாக்கின் அறை. கதவு சாத்தியிருந்தது. டாக்டர் இன்னும் ரப்பர் கையுறையைக் கழற்றவில்லை. ஆனால் முகத்தில் பரீட்சை பாஸான பையனின் சிரிப்பு.

மிரான் சொன்னாள். இடது கையால் தாடையைத் தாங்கிக்கொண்டு வந்தார். போன மாசம் அந்தப் பக்கம்தான் இம்ப்ளான்ட் பல் வைத்திருந்தோம். அது வலிக்குது என்றார். மேல்வயிற்றில் கல் வைத்தது போல இருக்குது, காலையில் அவசரமாகச் சாப்பிட்ட சூப்புச் சோறு இறங்கவே இல்லை என்றார். ஜனவரிக் குளிரில் நெற்றியில் வியர்வை. நான் அவர் கையைத் தோளிலிருந்து தடவித் தடவி ரத்தத்தைக் கீழே இறக்கினேன். கட்டைவிரலில் நூலைச் சுற்றினேன். புது ஊசி எடுத்துக் குத்தினேன். கறுப்பாக வந்தது. 'பாருங்க முதலாளி, நல்லா செரிக்காம போயிருக்கு, இப்ப இறங்கிடும்'னு சொன்னேன்.

"சரி, அதுக்கென்ன?" என்றார் டாக்டர்.

"அதுக்கென்னவா? டாக்டர், புதுசா வர்ற பொண்ணுங்களுக்கு நானே பாடம் எடுக்கறேன். 'பல்லுல கோளாறு இல்ல, இடது தாடை வலி, வியர்வை. என்ன?'னு கேப்பேன். 'இதயம்!'னு கோரஸா கத்துவாங்க. எனக்குத் தெரியாதா?"

"பல்லுல கோளாறு இருக்கறதா நினைச்சே. இம்ப்ளான்ட் வெச்ச பக்கம்தானே. நானா இருந்தாலும் முதல்ல எக்ஸ்ரே எடுத்திருப்பேன்." நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். "இதோ பாரு. விரல் குத்தாத வீடு இந்த ஊர்ல எது? நான் டாக்டருக்குப் படிச்சிட்டு வந்த அன்னைக்குக்கூட எங்கம்மா என்னைத் துரத்தித் துரத்திக் குத்தினாங்க. வெளியே சொல்ல வேண்டியதில்ல. நீ ஒரு உயிரைக் காப்பாத்தியிருக்கே. அது மட்டும்தான் நடந்தது."

"ஆம்புலன்ஸ்காரன்கிட்ட இப்பதான் வந்தாருன்னு சொல்லிட்டேன்."

"பதட்டம். யாருக்குக் கடிகாரம் ஞாபகம் இருக்கும்?" அவர் ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தார். கீழே மருந்துக்கடை வாசலில் கூட்டம் இன்னும் கலையவில்லை. "ஒண்ணு கவனிச்சியா? போன இலையுதிர் காலத்துல அந்தக் கிழவி ஊசியைப் பார்த்து மயங்கி விழுந்தா. 119 வந்து தூக்கிட்டுப் போச்சு. சாயங்காலமே இன்டர்நெட்ல அம்மாக்கள் குரூப்புல 'தாக் கிளினிக்ல ஆள் செத்துட்டாங்க'ன்னு போட்டுட்டாங்க. கிழவி மறுநாள் மார்க்கெட்ல கருவாடு பேரம் பேசிட்டு இருந்தா! மூணு மாசம் ஈ ஓட்டினோம். ரெண்டு பொண்ணுங்களை வேலையை விட்டு அனுப்பினேன். இனிமே நிஜமாவே சாகக் கிடந்தா ஒழிய, 119-க்கு முன்னாடி என்னைக் கூப்பிடுன்னு உன்கிட்ட சொன்னேன்ல? இன்னைக்குப் பாரு, அதே ஆம்புலன்ஸ், கை தட்டுறாங்க. உன்னால."

மிரான் எழுந்தாள்.

"எங்கே போறே?"

"ஆஸ்பத்திரிக்கு."

"நல்லது. பழக்கூடை ஒண்ணு வாங்கிக்க. கிளினிக் பேரு தெரியற மாதிரி ரிப்பன் கட்டச் சொல்லு."

*

தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே, வரிசை நாற்காலியில், ரப்பர் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள் தோசிக்கின் மனைவி சுல்லே. கொட்டகையிலிருந்து அப்படியே வந்திருந்தாள். கடல் வாசனையும் அவளோடு வந்திருந்தது. பக்கத்தில் நாலு நாற்காலி காலி.

மிரானைக் கண்டதும் எழுந்து இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். சிப்பிக் கத்தி பட்டுப் பட்டுத் தோல் தடித்த கைகள்.

"இந்தக் கைதானே? இந்தக் கைதானே அவரை அழுத்துச்சு? எப்படி வீங்கியிருக்கு பாரு! சாப்டியா? சாப்பிட்டிருக்க மாட்டே."

"சுல்லே அக்கா, நான் வந்து..."

"ஸ்டென்ட் வெச்சுட்டாங்களாம். உயிருக்குப் பயமில்லையாம். மூணு விலா எலும்பு போயிடுச்சாம். போகட்டும்! அந்த ஆளுக்கு அது வேணும். காலையிலயே முகம் சாம்பல் பூத்த மாதிரி இருக்குன்னு சொன்னேன். கேட்டாரா? கரடி." சிரித்தாள். சிரிப்பு பாதியில் உடைந்தது. "மிரான், ஒண்ணு கேக்கறேன். விழறதுக்கு முன்னாடி ஏதாவது சொன்னாரா?"

மிரான் பழக்கூடையைக் காலி நாற்காலியில் வைத்தாள்.

"சொல்லும்மா. நீதானே கூட இருந்தே. கடைசியா என்ன சொன்னாரு?"

அந்த முகத்தைப் பார்த்து என்ன சொல்ல முடியும்? வாய் தானாக ஒரு பொய்யைப் பொறுக்கியெடுத்தது. இனிப்பான, சின்னப் பொய்.

"உங்க பேரைத்தான் கூப்பிட்டாரு அக்கா. 'சுல்லே'ன்னு."

சுல்லே அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தாள். பூட்ஸ் இரண்டும் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. "சுல்லேன்னா?" என்று மட்டும் கேட்டாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு ரொம்ப நேரம் அழுதாள்.

இதய டாக்டர் வந்தார். சின்ன வயசு. தூங்கி ரொம்ப நாள் ஆன கண்கள். சுருக்கமாகச் சொன்னார். அடைப்பு நீக்கியாகிவிட்டது. ஆனால் இதயத் தசையில் ஒரு பகுதி செத்துப்போய்விட்டது, அது திரும்ப வராது. இனிமேல் கனம் தூக்கக் கூடாது, குளிரில் நிற்கக் கூடாது, படகில் கடலுக்குப் போகக் கூடாது.

"வலி வந்ததுமே இங்கே வந்திருந்தா?" கேட்டது மிரான்.

"வந்திருந்தா அந்தப் பகுதியைப் பெரும்பாலும் காப்பாத்தியிருக்கலாம். மயங்கி விழுந்திருக்கவே மாட்டாரு. நிறைய பேர் செரிக்கலைன்னு நினைச்சு உட்கார்ந்துடறாங்க." தோளைக் குலுக்கிவிட்டு உள்ளே போனார்.

படகு இல்லாத தோசிக். மிரானுக்கு அது சக்கரமில்லாத வண்டி மாதிரி தோன்றியது. இப்போது சொல்லிவிட வேண்டும், எல்லாவற்றையும், ஒரே மூச்சில்.

"அக்கா. அவரு இடைவேளை முழுக்க எங்க சோபாவுலதான் இருந்தாரு. நான் அவருக்குக் கட்டைவிரல்ல குத்தினேன். செரிக்கலைன்னு நினைச்சு... அப்பவே ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கணும். நான்..."

சுல்லே மூக்கை உறிஞ்சிவிட்டு நிமிர்ந்தாள்.

"கறுப்பா வந்துச்சா?"

"என்னது?"

"ரத்தம்."

"வந்துச்சு, ஆனா..."

"அப்புறம் என்ன? நல்லதுதான் பண்ணியிருக்கே. நானா இருந்தா பத்து விரல்லயும் குத்தியிருப்பேன்." அவள் மிரானின் கன்னத்தைத் தட்டினாள். "இதுக்குத்தான் முகத்தை இப்படி வெச்சிருக்கியா? பைத்தியக்காரி! உன் சாப்பாட்டு நேரத்தை விட்டுட்டு அவருக்குக் கை பிடிச்சு விட்டிருக்கே. யாரு பண்ணுவா?"

மிரான் வாயைத் திறந்தாள். மன்னிப்பு அவ்வளவு சீக்கிரமாகவும் சூடாகவும் வந்து மேலே கொட்டிவிட்டதில், சொல்ல மிச்சமிருந்தது உள்ளேயே நின்றுவிட்டது. சுல்லே பழக்கூடையிலிருந்து ஒரு பேரிக்காயை எடுத்துப் பையிலிருந்த சிப்பிக் கத்தியால் சீவினாள்.

"இந்தா. முதல்ல சாப்பிடு."

*

அதற்கப்புறம் ஊர் மிரானை விடவில்லை.

டாக்டர் தாக் கட்டடத்தின் மூன்றாம் மாடியிலிருந்து முதல் மாடி வரை துணிப் பேனர் தொங்கவிட்டார். 'பல்லோடு உயிரையும் காக்கும் கிளினிக்' என்று. அதில் மிரானின் படம், வேலைக்குச் சேர்ந்த வருஷம் எடுத்தது. மருந்துக்கடைக்காரர் அவளிடம் எதற்கும் காசு வாங்கவில்லை. அம்மாக்கள் குரூப்பில் 'நம்ம ஊர் தேவதை' என்று போட்டார்கள். போன வருஷம் பிணம் விழுந்ததாக எழுதிய அதே அம்மாக்கள். தீயணைப்பு நிலையத்திலிருந்து போன் வந்தது: உயிர் காத்தவர்களுக்கு இதய வடிவில் ஒரு பேட்ஜ் கொடுப்பார்கள். யோம் தோசிக்கே தன் கையால் அதைக் குத்திவிட விரும்புகிறார்.

"எனக்கு வேண்டாம் டாக்டர்," என்றாள் மிரான்.

"அடக்கம் நல்லதுதான். ஆனா போட்டோகிராபருக்குச் சொல்லியாச்சு."

தாஹே மட்டும் பாராட்டவில்லை. ஒரு நாள் கருவிகளைக் கழுவிக்கொண்டே கேட்டாள்: "அக்கா, நூல் விஷயத்தைத்தான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டீங்களே. அவங்களும் சிரிச்சிட்டாங்க. அப்புறமும் ஏன் தூங்காம வர்றீங்க?"

"கண்ணாடி போட்டா எல்லாம் தெரியும்னு நினைப்பா உனக்கு? தண்ணியை மூடு, வீணாப் போகுது."

தாஹே தண்ணீரை மூடினாள். கேள்வியை மூடவில்லை, பார்வையில் அப்படியே வைத்திருந்தாள்.

அந்த வசந்தத்தில் ஒத்திகை வந்தபோது மிரான் பாடம் எடுக்கவில்லை. தொண்டை சரியில்லை என்று தாஹேயை எடுக்கச் சொன்னாள். "இடது தாடை வலி, வியர்வை. என்ன?" என்றாள் தாஹே. "இதயம்!" என்று கத்தினார்கள் பெண்கள். மிரான் எழுந்து கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள்.

*

பேட்ஜ் விழாவுக்கு முந்தின நாள் கொட்டகைக்குச் சாப்பிட வரச்சொல்லி ஆள் அனுப்பினார் தோசிக். மறுக்க முடியவில்லை.

நீளமான மேஜை. இரண்டு பக்கமும் ரப்பர் ஏப்ரனும் தலைத்துணியும் கட்டிய பெண்கள் நின்றபடி சிப்பி உடைத்துக்கொண்டிருந்தார்கள். கத்தி நுழையும், ஓடு பிளக்கும், சதை கிண்ணத்தில் விழும். வாய் மட்டும் ஒரு நொடி ஓயாது.

மேஜையின் தலைமாட்டில், மூன்று ஸ்வெட்டர் போட்டு, முழங்காலில் போர்வையோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார் தோசிக். பாதியாகக் கரைந்துபோயிருந்தார். அவருக்குப் பின்னால் திறந்த கதவு. அதற்குப் பின்னால் படகுத்துறை. அவருடைய படகு நிற்கிற இடத்தில் வேறு யாருடைய படகோ நின்றது.

"வா, என் விலாவை உடைச்சவளே!" என்று கையை விரித்தார். "இருமினா இன்னும் உன் ஞாபகம்தான் வருது."

"பொண்டாட்டி முன்னாடி வேற பொம்பளையை நினைக்கிறேன்னு சொல்றதுக்கு தைரியம் வந்துடுச்சு பாரு," என்றாள் மேஜையிலிருந்து ஒருத்தி.

"இதயத்துல பாதி போயிடுச்சு, அதுக்கப்புறம்தான் காதலே வருது," என்றாள் இன்னொருத்தி. கொட்டகையே சிரித்தது.

சுல்லே சுடச்சுட சிப்பி அடையைக் கொண்டுவந்து மிரானின் முன்னால் வைத்தாள். உதட்டில் சாயம் பூசியிருந்தாள். கொட்டகையில் யாரும் உதட்டுச் சாயம் பூசுவதில்லை.

"சாப்பிடு. நாளைக்கு போட்டோ எடுக்கறாங்க, கன்னம் ஒட்டிப்போய் இருக்கே."

மிரான் ஒரு துண்டை வாயில் போட்டாள். இறங்கவில்லை.

"படகு என்னாச்சு முதலாளி?"

"வித்துட்டேன். நிக்கறதைப் பார்த்துட்டே உட்கார்ந்திருக்க முடியலை." ரொம்பச் சாதாரணமாகச் சொன்னார். "அதை விடு. உன்கிட்ட ஒரு வழக்கு இருக்கு. இவங்கல்லாம் சாட்சி."

பெண்கள் சிலர் கத்தியை நிறுத்தினார்கள்.

"எனக்கு அன்னைக்கு நடந்தது ஒண்ணுகூட ஞாபகம் இல்ல. காலையில சூப்புச் சோறு தின்னது ஞாபகம் இருக்கு. அப்புறம் கண்ணைத் திறந்தா ஆஸ்பத்திரிக் கூரை. அது வராதுன்னு டாக்டரும் சொல்லிட்டாரு. ஆனா இவ..." சுல்லேயைக் கைகாட்டினார், "நான் விழறப்ப 'சுல்லே'ன்னு கூப்பிட்டேனாம். மார்க்கெட்ல மீன் வாங்கறவன்கிட்டகூடச் சொல்லிட்டுத் திரியறா."

"கூப்பிட்டீங்க! மிரான்தான் கேட்டா!"

"க்யோங்சு அம்மா, கொஞ்சம் இரு." அவர் முன்னால் குனிந்தார். "மிரான், இப்ப நான் என்ன சொன்னேன்? 'க்யோங்சு அம்மா'. மகன் பொறந்ததுலேர்ந்து அதுதான். அதுக்கு முன்னாடி 'ஏய்'. கல்யாணத்தன்னைக்குக்கூட இவ பேரை நான் வாயால சொன்னது கிடையாது. வெக்கம். சாகறப்ப மட்டும் எப்படி வரும்?"

"சாகறப்பதான் வெக்கம் போகும்," என்றாள் ஒருத்தி.

"சோஜுச் சாராயம் ஒரு பாட்டில்னு கேட்டிருப்பாரு, அது சுல்லேன்னு விழுந்திருக்கும்," என்றாள் அடுத்தவள்.

"பழைய காதலியா இருந்தாலும் சொல்லிடு மிரான், நாங்க இவரை கடல்ல தள்ளிடறோம்!"

சிரிப்பு. சுல்லே மட்டும் சிரிக்கவில்லை. ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டே மிரானைப் பார்த்தாள். ஆமா என்று ஒரு வார்த்தை போதும். உதட்டுச் சாயம் அப்படியே இருக்கும், நாளைக்கு பேட்ஜ், மறுநாள் வேலை. தோசிக்கும் நம்பிவிடுவார். நம்பத்தான் ஆசைப்படுகிறார். உலகத்தில் வேறு யாருக்கும் தெரியாது.

"கிண்டலை விடுங்கடி," என்றார் தோசிக். குரல் மாறியிருந்தது. "நிஜமாவே கேக்கறேன் மிரான். என் ஆயுசுல ஒரு துண்டு காணாம போயிருக்கு. ராத்திரியெல்லாம் தேடறேன். அது உன்கிட்ட மட்டும்தான் இருக்கு. நான் என்ன சொன்னேன்?"

மிரான் சாப்பாட்டுக் குச்சிகளைக் கீழே வைத்தாள்.

"உங்க பேரைச் சொல்லலை, சுல்லே அக்கா. நான் பொய் சொன்னேன்."

கொட்டகையில் கத்திகள் ஒவ்வொன்றாக நின்றன.

"விரல்ல குத்தினதும் கொஞ்ச நேரம் கண்ணை மூடிட்டு உட்கார்ந்திருந்தீங்க, முதலாளி. அப்புறம் என்னைக் கூப்பிட்டீங்க. தெளிவா பேசுனீங்க. 'மிரான், இது வயிறு இல்ல. எங்கப்பனுக்கு இப்படித்தான் வந்துச்சு. 119-ஐக் கூப்பிடு'ன்னீங்க."

தோசிக் தன் இடது கட்டைவிரலைத் தடவிப் பார்த்தார்.

"நான் கூப்பிடலை. 'ஆம்புலன்ஸ் வந்து நின்னா தெருவே வேடிக்கை பார்க்கும், டாக்டர் சாப்பிட்டுட்டு வந்துடுவாரு, பொறுங்க'ன்னேன். நீங்களே போனை எடுத்தீங்க. ஒண்ணு அழுத்துனீங்க. இன்னொரு ஒண்ணு அழுத்துனீங்க." மிரான் தன் வலது கையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "ஒன்பதை அழுத்தறதுக்குள்ள, நான் உங்க கையிலேர்ந்து போனைப் பிடுங்கிட்டேன்."